விளிம்புக்கு அரை இஞ்சு

ஏப்ரல் 21, செவ்வாய்

இது நூல் கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி. இத்தனை நாளாக மேஜை டிராயரில் பாபின்களோடு கிடந்தது. இன்றைக்கு எழுத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால் தூசி தட்டி எடுத்தேன்.

யமுனாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. கோத்தகிரியில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தங்குவதற்கு வீடும் கொடுக்கிறார்களாம். பேத்தி தர்ஷிகாவுக்கு அங்கேயே ஒன்றாம் வகுப்பு. ஜூன் ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும்.

மதியம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "மாமா, நீங்க வேண்டாம்னா நான் போகலைங்."

மருமகள் இப்படிக் கேட்டால் மாமனார் என்ன சொல்ல முடியும்? "நல்ல வேலை அம்மிணி, போயிட்டு வா" என்றேன். என் வீட்டுக்காரி ருக்மணி அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. கேட்டால் ரசம் கொதிக்கிறதாம். முப்பத்தெட்டு வருஷமாக ரசம் வைக்கிறவளுக்கு ரசத்தைக் கொதிக்க விடக்கூடாது என்று தெரியாதா?

எங்கள் ஒரே மகன் ஞானவேல், வீட்டில் வேலு, யமுனாவின் புருஷன், போன டிசம்பர் மழையில் எலிக்காய்ச்சல் வந்து போய்விட்டான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

வீட்டு முன்பக்கத்துத் தையல் கடையில் ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன் ஆரம்பித்துவிட்டது. கோபி டவுனில் இத்தனை ரெடிமேட் கடை வந்தும் இந்த ஜனங்கள் கடைசி நேரத்தில் என் தலையில்தான் துணியைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

ஏப்ரல் 22, புதன்

வெயில். பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. பெடல் மெஷினில் தைத்தேன்.

ஏப்ரல் 25, சனி

கட்டிங் மேஜைக்கு அடியில் கால் இடித்தது. சாக்கில் சுற்றிய நாலு அலாய் சக்கரம். வேலு போன புரட்டாசியில் கோயமுத்தூரில் பழைய சாமான் விற்கிற இடத்தில் வாங்கி வந்தது. டயர் இல்லாத வெறும் சக்கரம், வெள்ளிப் பெயின்ட் அடித்து மினுமினுவென்று இருக்கும். பொங்கலுக்கு அதை நம் சிவப்புக் காரில் மாட்டிக்கொண்டு எல்லோரும் கோத்தகிரி மலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பொங்கல் வந்தது, போய்விட்டது.

இப்போது அதே மலைக்கு அதே கார்தான் போகப்போகிறது. யமுனாதான் ஓட்டப்போகிறாள். மாட்டிக் கொடுத்தால் என்ன? சாயங்காலம் அவளிடம் சொன்னேன்.

"இருக்கற சக்கரமே நல்லா ஓடுதுங் மாமா. எதுக்குங் வீண் வேலை."

"அவன் ஆசையா வாங்குனது அம்மிணி. அது பொருந்துமா பொருந்தாதான்னு அளந்து பாத்து நானே மாட்டித் தர்றேன்."

"அதெல்லாம் அவரே அளந்துட்டாருங். ஆஃப்செட் ஐம்பத்தொண்ணுன்னு சொன்னாரு."

ஆஃப்செட் என்றால் என்ன என்று கேட்டேன். குழந்தை கூப்பிடுகிறாள் என்று எழுந்து போய்விட்டாள். குழந்தை கூப்பிட்டது என் காதில் விழவில்லை.

படுக்கப் போகும்போது ருக்மணி ஒன்று சொன்னாள். வேலு சக்கரத்தை அளந்து முடித்த அன்றைக்கு அவளிடம் சொன்னானாம்: "அப்பாகிட்ட இப்பச் சொல்லாதம்மா. மாட்டி ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தறேன். இஞ்சு டேப்பைத் தூக்கிக்கிட்டு வந்து குத்தம் கண்டுபிடிக்கட்டும், பாக்கலாம். இந்த ஒரு வாட்டியாச்சும் அவரு வாயால சரின்னு சொல்லோணும்."

நான் என்ன வேண்டுமென்றா குற்றம் கண்டுபிடித்தேன்? தையல் கோணலாக இருந்தால் கோணல் என்றுதானே சொல்ல வேண்டும். தொழில்காரன் வாய் அப்படி.

ஏப்ரல் 29, புதன்

டயர் கடை சலாவுதீன் பாயிடம் போனேன். மனுஷன் வேலுவைப் பற்றி எதுவும் பேசாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பேசியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

ஆஃப்செட்டை விளக்கினார். "சக்கரத்துல போல்ட் போட்டுக் காரோட ஒட்டற முகம் இருக்குதுல்ல டைலரே, அது அகலத்துக்கு நட்ட நடுவுல இருந்தா ஆஃப்செட் சைபரு. நடுவை விட்டு வெளிப்பக்கமா எத்தனை மில்லி தள்ளியிருக்குதோ அதுதான் ஆஃப்செட்டு. நம்பர் கூடுனா சக்கரம் காருக்கு உள்ள போகும், குறைஞ்சா வெளிய துருத்தும். உங்க காருக்கு ஐம்பது. ரெண்டு மூணு முன்னப்பின்ன இருந்தாப் பாதகமில்ல. பத்துப் பன்னெண்டு குறைஞ்சுதுன்னா வளைக்கறப்போ மட்கார்டுல உரசிரும்."

அந்த நம்பர் சக்கரத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்குமாம். ஆனால் விற்றவன் அதன் மேல் அப்பமாட்டம் பெயின்ட் அடித்து மூடியிருக்கிறான். விட்டம் பதினைந்து, அகலம் ஆறு இஞ்சு என்பது மட்டும்தான் தெரிகிறது.

"வீட்லயே அளக்கலாம் டைலரே. முகத்தைத் தரையைப் பாத்துப் படுக்க வைங்க. பின் விளிம்புக்குக் குறுக்கால ஒரு நேர்க்கட்டையை வைங்க. கட்டையில இருந்து உள்ள இருக்கற போல்ட் முகம் வரைக்கும் ஆழம் எடுங்க. அதுல அகலத்துல பாதியைக் கழிங்க. மிச்சம்தான் ஆஃப்செட்டு."

இவ்வளவுதானா? இடுப்பளவு எடுக்கிறதை விட லேசு. ஐம்பத்தொன்று என்று வேலு சொன்னது சரி என்றால் மாட்டிவிடலாம் என்றார் பாய். அளப்பது என் பிழைப்பு, பார்த்துவிடுகிறேன் என்று வந்தேன்.

மே 1, வெள்ளி

கடை லீவு. நாலு சக்கரத்தையும் வாசலுக்கு உருட்டினேன். ருக்மணி பழைய அரிசிச் சாக்கை விரித்துக் கொடுத்தாள், பெயின்ட் கீறாமல் இருக்க. தர்ஷி சக்கரத்துக்கு நடுவில் உட்கார்ந்து "அப்பாரு, கிணத்துல விழுந்துட்டேன்" என்று என்னைக் கூப்பிட்டு விளையாடினாள்.

துணி வெட்ட வைத்திருக்கும் மரக் கட்டை ஸ்கேலைப் பின் விளிம்பில் குறுக்காக வைத்தேன். இஞ்சு டேப்பை உள்ளே விட்டேன். ஆழம் ஐந்து இஞ்சு. அகலம் ஆறு, பாதி மூன்று. ஐந்தில் மூன்று போனால் இரண்டு. இரண்டு இஞ்சு என்றால் மில்லியில் ஐம்பத்தொன்று!

அடே வேலு! மனசு நிறைந்துவிட்டது. அங்கேயே சாக்கில் உட்கார்ந்துவிட்டேன். நாலு சக்கரமும் ஒரே அளவு.

யமுனா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "உன் வீட்டுக்காரன் போட்ட கணக்கு அச்சு அசலா சரி அம்மிணி, ஐம்பத்தொண்ணு" என்றேன். "அப்படீங்களா மாமா" என்றாள். அவ்வளவுதான். ஏற்கெனவே பிழிந்த சட்டையை மறுபடி மறுபடி பிழிந்துகொண்டு நின்றாள். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு சந்தோஷம் இல்லை.

மே 6, புதன்

தினம் ஒரு சாக்கு. அலாய் போட்டால் மைலேஜ் குறையுமாம். செக்போஸ்ட்டில் போலீஸ் பிடிப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் எல்லாம் சாதாரணக் காரில் வரும்போது தனக்கு மட்டும் பளபளவென்று சக்கரம் எதற்கு என்கிறாள். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து இன்றைக்குக் கேட்டே விட்டேன். "அவன் வாங்குனது உனக்குப் பிடிக்கலையா?"

"அப்படியில்லீங் மாமா" என்றாள். கண்ணில் தண்ணீர்.

தண்ணீர் வந்தால் ஆயிற்றா? ஆறு மாசம் முடியவில்லை, அவன் வாங்கியதை எல்லாம் இங்கே தள்ளிவிட்டுப் போக இவளுக்கு என்ன அவசரம்? வந்தவள் வந்தவள்தான். பெற்றவனுக்குத்தான் வலி. இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, இங்கே எழுதிவைக்கிறேன்.

மே 11, திங்கள்

இதை எப்படி எழுத?

காலையில் சட்டைப் பாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தேன். தைத்து முடித்தால் ஐந்து இஞ்சு அகலம் வர வேண்டும். சாக்பீஸால் ஐந்து குறித்து, இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை என்று மடிப்புக்கு விட்டு, ஆறு இஞ்சுக்குக் கோடு போட்டேன். கை தானாகச் செய்கிற வேலை. தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வேன். இன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

சக்கரத்தில் ஆறு என்று போட்டிருக்கிறானே, அது எந்த ஆறு? தைத்த அளவா, வெட்டின அளவா?

மேஜைக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்தேன். இந்த ஓர விளிம்பிலிருந்து அந்த ஓர விளிம்பு வரை டேப்பை வைத்தேன். ஏழு இஞ்சு. ஆறு என்பது டயர் உட்காருகிற உள் அளவு. அதற்கு வெளியே இரண்டு பக்கமும் அரை அரை இஞ்சு விளிம்பு நிற்கிறது, பாக்கெட்டுக்கு மடிப்பு விடுகிற மாதிரி. ஆழத்தை நான் விளிம்பின் மேல் கட்டையை வைத்து அளந்தேன். கழிக்கும்போது மட்டும் விளிம்பு இல்லாத அகலத்தில் பாதியைக் கழித்திருக்கிறேன். ஏழில் பாதி மூன்றரை. ஐந்தில் மூன்றரை போனால் ஒன்றரை. முப்பத்தெட்டு மில்லி.

காருக்கு வேண்டியது ஐம்பது. அரை இஞ்சு உதைக்கிறது.

நான் செய்த அதே தப்பைத்தான் வேலுவும் செய்திருக்கிறான். டைலர் மகனுக்கு மடிப்புக்கு விடத் தெரியவில்லை. டைலருக்கே தெரியவில்லை.

மே 12, செவ்வாய்

மறுபடி அளந்தேன். ஒன்றரை.

மே 13, புதன்

துணி டேப் நாளாக நாளாக நீண்டுவிடும். அதை வைத்து ஏமாந்திருக்கலாம். ஹார்டுவேர் கடையில் இரும்பு டேப் வாங்கினேன். நாலு சக்கரத்தையும் திரும்ப அளந்தேன்.

ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை.

மே 17, ஞாயிறு

இன்றைக்கு வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். யமுனாவிடம், சக்கர வேலை இழுக்கிறது, பள்ளிக்கூடத்தில் பேசி ஜூன் பதினைந்துக்கு மேல் வருவதாகச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். மாம்பழத்துக்கும் பதினைந்துக்கு மேல்தான் நல்ல வரத்து, குழந்தை சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றும் சொன்னேன். அவள் பதில் சொல்லுமுன் ருக்மணி பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங், நீங்க சக்கரத்தை அளக்கறீங்களா, நாளைத் தள்ளறீங்களா?"

"பொருந்தாத சக்கரத்தை மாட்டி அனுப்பச் சொல்றியா?"

"பொருந்துதுன்னுதானே மொதத் தேதி தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துனீங்க?"

யமுனா தலையைக் குனிந்துகொண்டு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டுக்கு நடுவில் கை கழுவிவிட்டேன். மத்தியானம் பசித்தது, யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய்ப் பழைய சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மாம்பழம் பற்றிச் சொன்னது உண்மைதான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும்.

மே 22, வெள்ளி

எந்தத் துணியையும் நான் டிரையல் பார்க்காமல் கொடுத்ததில்லை. கணக்கு என்ன சொன்னாலும் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். யமுனாவும் தர்ஷியும் கோத்தகிரி பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடப் பஸ்ஸில் போயிருந்தார்கள். காரை பாய் கடைக்கு அனுப்பினேன். எனக்கு ஓட்ட வராது, பாய்தான் வந்து எடுத்துப்போனார்.

நாலு சக்கரத்துக்கும் பழைய டயர் போட்டு மாட்டினார். பார்க்க என்ன அழகு! கார் மாப்பிள்ளை மாதிரி நின்றது. வேலு பார்த்திருந்தால் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்திருப்பான். ஒருவேளை கணக்குதான் தப்பு, சக்கரம் சரியோ என்று ஒரு நப்பாசை.

பின் சீட்டில் கடைப் பக்கத்து ஆட்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, பச்சைமலைக் கோயில் மேட்டுக்கு விட்டார் பாய். நேர் ரோட்டில் ஒன்றும் இல்லை. முதல் வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். கர்ரென்று ஒரு சத்தம், தகரத்தில் டயர் உரசுகிற சத்தம். அடுத்த வளைவிலும் அதே. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்னாலும் கேட்டது.

இறங்கிக் குனிந்து பார்த்தோம். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. டயரின் தோளில் வெள்ளையாக ஒரு கீறல், சுற்றிலும்.

"மட்கார்டு ஓரத்தைத் தட்டி மடக்கிவிட்டாச் சரிப்படுமா பாய்?"

"டவுனுக்குள்ள ஓட்டறதுக்கு மடக்கித் தர்றேன் டைலரே. இது மலை. அத்தனை கொண்டை ஊசி வளைவு. பொட்டி படுக்கையெல்லாம் ஏத்திக்கிட்டு அந்தப் புள்ளை குழந்தையோட தனியாப் போகுது. உரசி உரசி டயரு ஒரு வளைவுல விட்டுச்சுன்னா?" கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ற மக போறதா இருந்தா நான் மாட்டமாட்டேன்."

அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். கழற்றச் சொன்னேன். டயரையும் எடுத்துவிட்டு வெறும் சக்கரமாகவே கொடுத்தார். யாரிடமும், முக்கியமாக யமுனாவிடம், எதுவும் சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

மே 23, சனி

நாள் முழுக்க யோசித்தேன். பதினொரு பாவாடைக்கு இடுப்புப் பட்டி வைத்தேன், இரண்டைப் பிரித்துத் திரும்ப வைத்தேன்.

பொருந்தவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். கணக்கு டீச்சர், காரணம் இல்லாமல் விடமாட்டாள். வேலு அளந்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அவன் இருந்தபோது நூறு தப்புச் சொன்னேன். இப்போது திருப்பிப் பேச அவன் இல்லை. நூற்றி ஒன்றாவது தப்பையும் நான் சொல்வதா?

சொல்லாமல் மாட்டி அனுப்பவும் முடியாது.

மே 24, ஞாயிறு

யமுனாவும் குழந்தையும் பாரியூர் அம்மன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு சக்கரத்தை மட்டும் பின்கட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன். துணி துவைக்கிற கல்லில் சாய்த்து வைத்தேன். தேங்காய் உரிக்கிற கம்பிக்குப் பக்கத்தில் பெரிய சுத்தியல் இருந்தது.

முதல் அடி வழுக்கிவிட்டது. எனக்கு ஊசி பிடித்த கை, சுத்தியல் பிடித்த கை அல்ல. இரண்டாவது அடியில் விளிம்பு கொஞ்சம் உள்வாங்கியது. அப்புறம் எத்தனை அடித்தேன் என்று தெரியாது. விரிசல் விட்டு, ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு துண்டு தெறித்து விழுந்தது. அந்த வெள்ளிப் பெயின்ட்டைப் பார்க்கப் பார்க்க, வேலு அதைச் சாக்கிலிருந்து பிரித்துத் துடைத்துத் துடைத்து வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. கல்லில் உட்கார்ந்து அழுதேன். அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை.

திரும்பினால் ருக்மணி நிற்கிறாள். எப்போது வந்தாளோ. துடைப்பத்தை எடுத்துத் தெறித்துக் கிடந்த பெயின்ட் செதிலை எல்லாம் கூட்டி அள்ளினாள். சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மே 25, திங்கள்

யமுனாவிடம் சொல்லிவிட்டேன்.

"தப்பு நடந்துபோச்சு அம்மிணி. கடைப்படியில இறக்கறப்போ ஒரு சக்கரம் கை நழுவி விழுந்துருச்சு. விளிம்பு விரிஞ்சுபோச்சு. இனி அதை மாட்ட முடியாது. ஒத்தைச் சக்கரம் இதே மாதிரி எங்கயும் கிடைக்காதாம். பழைய சக்கரத்துலயே போயிரு."

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். விரிசலில் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள்.

"அவரு கணக்குங் மாமா?"

"அது சுத்தமா சரி. ஐம்பத்தொண்ணு, ஒரு நூல் தப்பில்ல. அவன் மேல குறை இல்ல, என்ற கையிலதான் குறை."

"நீங்க இப்படிச் சொன்னதை அவரு கேட்டிருக்கோணும்" என்றாள். சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சக்கரம் போனதற்கு இவ்வளவு அழுவாள் என்று நான் நினைக்கவில்லை. பிடிக்கவில்லை என்றுதானே அத்தனை நாளும் சொன்னாள்.

மே 29, வெள்ளி

தர்ஷிக்குப் புதுப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் தைத்து முடித்தேன். மற்ற எல்லாத் துணியையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதை எடுத்தேன். கடையில் இரண்டு அம்மாமார் சண்டைக்கு வந்தார்கள். வரட்டும்.

கட்டம் போட்ட பினோஃபார்ம் மூன்று, வெள்ளைச் சட்டை மூன்று. குழந்தை அசையாமல் நின்று அளவு கொடுத்தாள். "அப்பாரு, கூச்சமா இருக்குது" என்று ஒரு தடவை சிரித்தாள். வேலுவும் அளவு எடுக்கும்போது அக்குளில் டேப் பட்டால் இப்படித்தான் நெளிவான்.

யமுனா மடித்து வைக்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "என்னங் மாமா, உள்ள இவ்வளவு மடிப்பு விட்டிருக்கீங்க?"

"வளர்ற புள்ளை. வருசத்துக்கு ஒரு இஞ்சு அவுத்துவிடு. நூல் லேசாத்தான் ஓட்டியிருக்கறேன், இழுத்தா வந்துரும். மூணு வருசத்துக்கு வேற டைலர்கிட்டப் போக வேண்டாம்."

"நான் எதுக்குங் அவுக்கறேன்? லீவுக்கு லீவு கொண்டாறேன், நீங்களே அவுத்து விடுங்க."

லீவு எப்போது என்று கேட்டேன். காலாண்டுப் பரீட்சை முடிந்து என்றாள்.

ஜூன் 1, திங்கள்

ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் கிளம்ப வேண்டும் என்று ருக்மணி விடியுமுன்பே எல்லோரையும் எழுப்பிவிட்டாள். டிக்கியில் பாத்திரம், பெட்டி, துணி மூட்டை. கட்டுச்சோறு. பின் சீட்டில் தர்ஷி தலையணையோடு படுத்து ஏறின உடனே தூங்கிவிட்டாள்.

நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள் ருக்மணி. பழைய சக்கரத்துக்கு எதுக்கு என்றேன். "சக்கரத்துக்கா வெக்கறேன், போற புள்ளைங்களுக்கு வெக்கறேன்" என்றாள். இந்த வயதிலும் எனக்கு வாய் அடங்குவது இல்லை.

யமுனா ருக்மணியைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"மாமா, அவரு கணக்கு சரின்னு சொன்னீங்கல்லங்?"

"ஆமா அம்மிணி. அதிலென்ன சந்தேகம்."

"அளந்து முடிச்சதும் மொதல்ல என்கிட்டத்தானுங் கொண்டாந்து சொன்னாரு. ஐம்பத்தொண்ணு வருது, நீ கணக்கு டீச்சரு, போட்டுப் பாத்துச் சொல்லுன்னாரு." ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு பேசினாள். "சின்னக் குழந்தையாட்டம் சிரிச்சுக்கிட்டு நின்னாருங் மாமா. நானும் சரின்னுதான் சொன்னேன். மாட்டறதுக்கு முன்னாடி மெதுவா எடுத்துச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள காய்ச்சல் வந்துருச்சுங்."

கியரைப் போட்டாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. "போயிட்டு வர்றோமுங் மாமா, அத்தையைப் பாத்துக்குங்க."

கார் தெருமுனையில் திரும்பியது. ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பியது. அதுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு முப்பத்தெட்டு என்று முதலிலிருந்தே தெரியும். மைலேஜ், போலீஸ், பளபளப்பு, அத்தனையும் அவன் தப்பு என் காதுக்கு வராமல் இருக்க அவள் தேடித் தேடிக் கண்டுபிடித்த சாக்கு. நான் மறைக்கிறேன் என்று சுத்தியல் எடுத்தேன். அவள் எனக்கு முன்னாலேயே, கண்ணீரும் கையுமாக, மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளைப் போய் மே ஆறாம் தேதி இந்த டைரியில் என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன். அந்த வரிகளைப் பேனாவால் அடித்தேன். அடித்தும் படிக்க முடிகிறது.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டார்களாம், குளிர்கிறதாம். "எந்த வளைவுலயும் ஒரு சத்தமில்லீங் மாமா" என்றாள். ருக்மணியிடம் போனைக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். மேஜைக்கு அடியில் சக்கரங்கள் அப்படியே கிடக்கின்றன. பெடலை மிதித்தால் முழங்கால் இடிக்கிறது. எடுத்துப் போட மனசு வரவில்லை.

அவன் கணக்கைச் சரி என்று சொல்ல வீட்டில் ஒருத்தி இருந்திருக்கிறாள், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் அவன் போயிருக்கிறான், எனக்கு அது போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போதவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும்.